லூர்து கேட்ட இரண்டு குரல்கள்

1

போன ஞாயிற்றுக்கிழமை இங்கே லண்டனில் நாங்கள் போகிற கத்தோலிக்கக் கோவிலில் என் மனைவிக்காகப் பூசை வைத்தோம். அவள் இறந்து ஓராண்டு ஆகிறது. லூர்தம்மாள் என்ற பெயரை நான் ஒரு தாளில் எழுதிக் கொடுத்திருந்தேன். சாமியார் ஐரிஷ்காரர், நல்ல மனிதர். ஆனால் அந்தப் பெயர் அவர் வாயில் நுழையவில்லை. வேறு யாரோ ஒரு பெண்ணுக்காகப் பூசை நடந்ததுபோல இருந்தது. எனக்கு எழுந்து போய்ச் சொல்லக் கூச்சம். பக்கத்தில் நின்ற என் மகள் அருள் மட்டும் சரியான பெயரை மெதுவாக ஒருமுறை சொன்னாள்.

பூசை முடிந்து வெளியே வந்தபோது யாழ்ப்பாணத்து அம்மா ஒருவர் அருளின் கையைப் பிடித்துக்கொண்டார்.

"பிள்ளை, உமக்கு நல்ல குரல். பாட்டில தனியாக் கேட்டுது. ஆரிட்டப் பழகினனீர்?"

"ஆஸ்பத்திரியிலம்மா," என்றாள் அருள்.

அந்த அம்மா விளையாட்டுப் பேச்சு என்று நினைத்துச் சிரித்தார். அருளும் சிரித்தாள். ஆனால் அவள் சொன்னது நிஜம். அருள் பிறந்தபோது மகன் என்றுதான் ஞானஸ்நானம் கொடுத்தோம். பெண்ணாக வாழத் தொடங்கிய பிறகு, தனக்குரிய குரலை அவள் இங்குள்ள ஆஸ்பத்திரியில், சின்னப் பிள்ளைகள் எழுத்துக் கற்பதுபோல உட்கார்ந்து கற்றாள். அதற்காக எங்கள் குடும்பம் கொடுத்தது என்ன என்பதை ஊரில் யாருக்கும் நான் சொன்னதில்லை. சொல்லிப் பழக்கமில்லாதவன் நான். ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். எழுத்தில் தெரிகிற குறையைப் பொறுத்துக்கொள்ளுங்கள்.

2

எனக்கு ஊர் கல்லல் பக்கம். சமையல்தான் தொழில். கொத்தமங்கலத்தில் ஒரு செட்டியார் வீட்டுக் கல்யாணத்தில் என் கைச் சாப்பாட்டைச் சாப்பிட்ட ஒருவர், இங்கே தான் நடத்திய உணவுக்கடைக்கு என்னைக் கூப்பிட்டுக்கொண்டார். வந்த சில ஆண்டுகளில் லூர்துக்கும் அருளுக்கும் விசா கிடைத்தது. கிடைத்த மாதத்திலேயே என் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து ஒரு பக்கம் விழுந்துவிட்டது. "மாமாவை யாரு பாக்குறது? பயலை மட்டும் அனுப்புறேன், அவுக தேறுனதும் நான் வாரேன்," என்றாள் லூர்து. அருள் தனியாக விமானம் ஏறி வந்தாள். அப்போது அவளுக்குப் பதினாறு வயது. அப்பா தேறவில்லை. லூர்தின் விசாக் கெடு முடிந்துபோனது. மறுபடி கேட்டபோது எல்லாக் காகிதத்தையும் புதிதாகக் கேட்டார்கள். கோவிலில் கொடுத்த திருமணச் சான்றிதழில் லூர்தம்மாள், பாஸ்போர்ட்டில் லூர்து மேரி. இரண்டும் ஒரே ஆள்தான் என்று சென்னையில் இருக்கும் அதிகாரிக்குப் புரியவைக்க என்னால் முடியவில்லை.

அதனால் ஞாயிற்றுக்கிழமைதான் எங்களுக்குக் குடும்பம். கல்லல் ரயிலடியில் சாகுல் பாய் வைத்திருந்த எஸ்.டி.டி. பூத்துக்கு நான் கூப்பிடுவேன். லூர்து பூசை முடிந்து அங்கே வந்து காத்திருப்பாள். லைனில் இரைச்சல் அதிகமாக இருக்கும். பூத்தில் ஆட்களும் இருப்பார்கள். அதனால் நலம் விசாரிப்பதைத் தாண்டி ஒன்றும் பேச முடியாது. பேச வேண்டியதை லூர்து கேசட்டில் பேசி, வருகிறவர்கள் கையில் கொடுத்தனுப்புவாள். வெளிநாட்டில் ஆள் இருக்கும் வீடுகளில் அப்போது அது வழக்கம். அவளுடைய கேசட்டில் அவளோடு கோழியும் கத்தும், பின்னால் பக்கத்து வீட்டுச் சண்டையும் கேட்கும். "அந்தா, ரோசலின் ஆரம்பிச்சுட்டா, நீங்களும் கேளுங்க," என்று ரெக்கார்டரைச் சன்னல் பக்கம் திருப்பி வைப்பாள்.

3

அருள் வந்து நாலைந்து ஆண்டு கழித்து, நான் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்த ஒரு காலையில், அவள் என் எதிரில் உட்கார்ந்து தானும் ஒரு வெங்காயத்தை எடுத்தாள்.

"அப்பா, நான் பையன் இல்லப்பா."

எனக்கு விளங்காமல் இல்லை. சிறு வயதிலிருந்தே பார்த்து வந்ததுதான். காரைக்குடிச் சந்தையில் கைதட்டிக் காசு கேட்டு வருகிறவர்களையும், அவர்கள் முதுகுக்குப் பின்னால் ஆட்கள் சொல்கிற சொல்லையும் நினைத்தேன். என் பிள்ளை அந்தச் சொல்லை வாங்க வேண்டுமா என்றுதான் பயம் வந்தது. கையிலிருந்த வெங்காயத்தை உரித்துக்கொண்டே இருந்தேன்.

"அழுவுறீகளாப்பா?"

"வெங்காயம்," என்றேன்.

"நீங்க சமையக்காரரு. உங்களுக்கு வெங்காயத்துல கண்ணு கலங்கி நான் பாத்ததில்ல," என்றாள்.

பிறகு டாக்டர், கடிதம், காத்திருப்பு, இன்னொரு டாக்டர் என்று நெடுநாள் போனது. மாத்திரை சாப்பிடத் தொடங்கியதும் முகம் மெல்ல மாறியது. முடி வளர்ந்தது. சேலையிலும் சரி, இங்கத்து உடுப்பிலும் சரி, பார்க்கிறவர்கள் பெண்ணென்றுதான் பார்த்தார்கள். வாயைத் திறக்கும் வரைக்கும். மீசை முளைக்கிற வயதில் உடைந்த குரலை எந்த மாத்திரையும் திருப்பித் தராதாம். அருளுக்கு என் அப்பாவின் குரல். சப்பரம் தூக்குகிற இடத்தில் நின்று கூப்பிட்டால் தெருக்கோடிக்குக் கேட்கும் குரல். பேருந்தில் டிக்கெட் கேட்டால் முன்னால் இருப்பவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். ஒருமுறை இறங்கும்வரை பின்னாலேயே வந்து சிரித்தார்கள் சில பையன்கள். அதன்பிறகு அவள் வெளியே பேசுவதை நிறுத்திவிட்டாள். கடையில் விரலை நீட்டிக் காட்டுவாள். ஊமை என்று நினைத்து இரங்கினார்கள். அது அவளுக்குச் சிரிப்பதைவிடப் பரவாயில்லையாம்.

4

பேச்சுப் பயிற்சிக்கு ஆஸ்பத்திரியில் இடம் கிடைத்தபோது முதல் நாள் நானும் கூடப் போனேன். வயதான வெள்ளைக்கார அம்மா ஒருவர் சொல்லிக் கொடுத்தார். குரலை மேலே தூக்கினால் போதும் என்றுதான் நாங்கள் நினைத்திருந்தோம். அந்த அம்மா அதுதான் கூடாது என்றார். கீச்சென்று பேசினால் தொண்டை புண்ணாகும், கேட்கிறவர்களுக்கும் நடிப்பாகத் தெரியும். ஒலி நெஞ்சில் அதிர்வதை விட்டு முகத்தில் அதிர வேண்டும். உதட்டை மூடி 'ம்' என்று இழுக்கச் சொல்லி, மூக்கின் மேல் விரலை வைத்து அதிர்வு வருகிறதா என்று பார்க்கச் சொன்னார். என்னையும் செய்யச் சொன்னார். எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் செய்தேன்.

வீட்டில் தினமும் 'ம்' தான். பிறகு 'ம்' வைத்த சொற்கள், பிறகு வாக்கியம். பேசிப் பேசி ரெக்கார்டரில் பதிந்து, போட்டுக் கேட்டு, அழித்து, மறுபடி பேசுவாள். அழுதுவிட்டால் அன்றைக்குப் பாடம் போச்சு. அழுகைக்குக் குரலைப் பிடித்து வைக்கத் தெரியாது, பழைய குரலில்தான் வரும். சிரிப்பும் இருமலும் அப்படித்தான். அவற்றுக்குத் தனியாகப் பழகினாள்.

ஓராண்டில் ஆங்கிலம் வந்துவிட்டது. தமிழ் வரவில்லை. ஆங்கிலத்தில் பெண்ணாகப் பேசிக்கொண்டிருப்பவள் என் பக்கம் திரும்பி "அப்பா" என்றால் என் அப்பாவின் குரல் வந்து விழும். நாக்குப் பழகிய பாதை அது. அதற்குப் பயந்து என்னிடமும் ஆங்கிலத்தில் பேசத் தொடங்கினாள். நான் கடையின் அடுப்படியில் கற்ற ஆங்கிலத்துக்கு உப்பு, எண்ணெய், சீக்கிரம், இவ்வளவுதான் தெரியும். ஒரே வீட்டில் இரண்டு பேரும் சைகையில் வாழ்ந்தோம். அந்த நாட்களைப்போல நான் தனியாக இருந்ததில்லை.

ஆஸ்பத்திரி அம்மாவிடம் அவள் இதைச் சொன்னாளாம். "உங்கள் மொழி எனக்குத் தெரியாது. உங்கள் ஊர்ப் பெண் ஒருத்தி பேசுவதைக் கேள். அவள் எங்கே இழுக்கிறாள், எங்கே விடுகிறாள் என்று பார்," என்றாராம். இங்கே எங்கள் ஊர்ப் பெண்ணுக்கு எங்கே போவது?

அன்று மாலை அலமாரியில் இருந்து லூர்தின் கேசட்டுகளை எல்லாம் எடுத்தாள்.

ஒரு வாக்கியம் லூர்து பேசுவாள், நிறுத்திவிட்டு அருள் பேசுவாள். "இங்குட்டு மழையே இல்லங்க." "இங்குட்டு மழையே இல்லங்க." ரோசலின் சண்டையைக்கூட விடவில்லை. சில மாதத்தில் எனக்கு ஊர்த் தமிழ் திரும்பக் கிடைத்தது. வேலை முடிந்து வந்தால், "வாங்கப்பா, சாப்டீகளா?" என்று ஒரு பெண் கேட்டாள். அந்தக் கேள்வி காதில் விழவேண்டும் என்றுதான் நான் படிக்கட்டுகளை வேகமாக ஏறினேன்.

லூர்துக்கு எப்படிச் சொல்வது என்று மட்டும் தெரியவில்லை. பூத்தில், ஆட்கள் நடுவில், இரைச்சலில் சொல்கிற சங்கதி இல்லை. நேரில் போய் அவள் மடியில் படுத்துச் சொல்வேன் என்றாள் அருள். ஆனால் நிரந்தர விசா முத்திரைக்காக எங்கள் இரண்டு பாஸ்போர்ட்டையும் அலுவலகத்தில் வாங்கி வைத்திருந்தார்கள். கேட்டால் வரிசையில் இருக்கிறது என்பார்கள். அதுவரை ஞாயிற்றுக்கிழமைகளில், "அவன் வேலைக்குப் போயிருக்கான்," என்று சமாளித்து வந்தேன்.

5

லூர்து தானாகக் கூப்பிடுவதில்லை. என் அப்பா இறந்த அன்று கூப்பிட்டாள். நான் கடையில் இருந்தேன். அருள் வீட்டில் பயிற்சியில் இருந்தாள். போனை எடுத்ததும் சாகுல் பாயின் குரல்.

"கல்லல்லேர்ந்து பேசுறோம். அண்ணன் இருக்காகளா?"

"அவுக இன்னும் வரலையே பாய். கடையில சாப்பாட்டு நேரம்ல. என்ன விசயம், சொல்லுங்க," என்று யோசிக்காமல் பதில் சொல்லியிருக்கிறாள். அதற்குள் அந்தப் பக்கம் கை மாறிவிட்டது.

"யாரு நீ?" என்றாள் லூர்து.

அருள் பயந்துபோய்ப் போனை வைத்துவிட்டாள்.

நான் வீட்டுக்கு வந்தபோது அவள் நடுவீட்டில் நின்றுகொண்டிருந்தாள். முகத்தில் அழுகை, வாயில் சிரிப்பு. தாத்தா இறந்தது அப்போது அவளுக்கும் தெரியாது.

"அப்பா, அம்மா 'யாரு நீ'ன்னாகப்பா. பொம்பளைன்னே நெனச்சுட்டாக. பெத்தவுகளுக்கே தெரியலப்பா."

அவள் அவ்வளவு சந்தோசமாக இருந்து நான் பார்த்ததே இல்லை. எனக்கோ லூர்து என்ன நினைத்திருப்பாள் என்றுதான் ஓடியது. எங்கள் பக்கத்தில் கடல் தாண்டிப் போன ஆண்களைப் பற்றி ஒரு பேச்சு எப்போதும் உண்டு. பர்மாவுக்கும் மலேயாவுக்கும் வியாபாரத்துக்கென்று கொண்டுவிற்கப் போனவர்கள் சிலர் அங்கே இன்னொரு குடும்பம் வைத்திருந்த கதை ஊருக்கு ஊர் இருக்கிறது. போனவனின் மனைவி அதை வாய்விட்டுச் சொல்லமாட்டாள். மனதின் ஒரு மூலையில் அந்தப் பயத்தை வைத்துக்கொண்டே பிள்ளை வளர்ப்பாள். அருளிடம் இதைச் சொன்னேன். அவள் சிரிப்பு அப்படியே நின்றது.

மறுநாள் அப்பா இறந்த துட்டிச் செய்தி வேறு ஆள் மூலம் வந்தது. ஞாயிற்றுக்கிழமை லூர்து சத்தம் போடாமல் பேசினாள்.

"ஊருக்கெல்லாம் சமச்சுப் போடுற மனுசனுக்குச் சமச்சுப் போட ஒருத்தி வேணுமாக்கும்."

"லூர்து, இங்க அப்படி யாரும் இல்ல."

"எங்காதால கேட்டேன். நம்ம பக்கத்துக்காரி மாதிரில பேசுறா. எந்த ஊரு? தேவகோட்டையா?"

"யாரும் இல்ல லூர்து."

"உங்கப்பாவுக்கு நான் பீ மூத்திரம் அள்ளிக்கிட்டு இங்க கெடந்தேன்," என்றாள். பிறகு, "பாய், வச்சுருங்க," என்று சொன்னது கேட்டது.

6

"இனி நேருல போயிச் சொல்லணும்னு காத்திருக்க முடியாது. நானே பேசுறேன்," என்றாள் அருள். அடுத்த ஞாயிறு அவளே போனைப் பிடித்தாள். நான் அவள் தோளருகில் நின்றேன். அன்றைக்கு லைன் தெளிவாக இருந்தது.

"அம்மா, நான் அருளும்மா."

"யாரு?"

"உங்க அருளுதாம்மா. நான் இப்ப இப்படித்தான் பேசுறேன். நான் பொண்ணும்மா. எப்பவுமே அப்படித்தாம்மா இருந்தேன்."

"ஏத்தா, எம்புள்ள பேரை நீ எதுக்குச் சொல்ற?"

"சப்பரத்துக் கட்டை கால்ல விழுந்துச்சுல்ல, நீங்க மஞ்சளை அரச்சுக்கிட்டு ஓடி வந்தீகல்ல. நாந்தாம்மா."

"அதெல்லாம் அந்த மனுசன் சொல்லிக் குடுத்திருப்பாரு. எம்புள்ள குரலு எனக்குத் தெரியாதா? அவன்ட்டக் குடு."

என்ன சொன்னாலும் நான் சொல்லிக் கொடுத்ததாகிவிடும். அருள் என்னைப் பார்த்தாள். பழைய குரலுக்குத் திரும்பவே கூடாது, தொண்டை குழம்பிப்போகும் என்று ஆஸ்பத்திரி அம்மா கண்டித்துச் சொல்லியிருந்தார். ஓராண்டுக்கு மேல் அவள் அந்தக் குரலைத் தொடவில்லை. கண்ணை மூடிக்கொண்டு இருமினாள். முதலில் எந்தக் குரலும் வரவில்லை. பிறகு என் அப்பாவின் குரல் வந்தது.

"அம்மா."

அந்தப் பக்கம் லூர்து உடைந்துபோனாள். "ராசா, ஏன்யா இம்புட்டு நாளா பேசல? இப்பத்தான் ஒருத்தி உம்பேரைச் சொல்லிக்கிட்டு வந்து என்னைய ஏமாத்தப் பாத்தா."

"அது நாந்தாம்மா."

"நீ அவளுக்குப் பரிஞ்சு பேசாத. அப்பன் சொல்றதுக்கெல்லாம் ஆடாத. நீ நல்லா இருக்கியா? சாப்புடுறியா?"

நிரூபிக்கத்தான் அந்தக் குரலை எடுத்தாள். லூர்துக்கு அது வேறொன்றை நிரூபித்துவிட்டது. வீட்டில் அவள் மகன் ஒருவன் இருக்கிறான், அவனல்லாமல் ஒரு பெண்ணும் இருக்கிறாள். நான் போனை வாங்கி, எனக்கு வந்த அளவில் எல்லாவற்றையும் சொன்னேன். டாக்டரை, மாத்திரையை, பயிற்சியை. லூர்து கடைசிவரை கேட்டாள்.

"பொய் சொல்றதுக்கும் ஒரு அளவு வேணும். உங்க தப்ப மூடி மறைக்கப் பெத்த புள்ளைய அலின்னு சொல்றீகளே, நீங்க மனுசனா?"

அதற்குமேல் சொல்ல முடியாது. நான் சொல்லச் சொல்ல என் மகளைத்தான் அவள் அந்தச் சொல்லால் அடிப்பாள்.

"போதும்ப்பா," என்றாள் அருள். "அம்மாவுக்கு மகன் வேணும். ஞாயித்துக்கிழமைக்கு மட்டும் குடுப்போம்."

கொடுத்தாள். ஞாயிறு தோறும் பழைய குரலில் பேசினாள், திங்கட்கிழமை முழுக்க வெந்நீர் குடித்துக்கொண்டு பேசாமல் கிடந்தாள். பயிற்சியில் அந்த அம்மா, "உன் குரலை யார் கெடுக்கிறார்கள்?" என்று கேட்டதற்கு, "என் அம்மா," என்று மட்டும் சொன்னாளாம். அவர் மேற்கொண்டு கேட்கவில்லையாம்.

மாதம் போகப்போகப் பழைய குரல் தேய்ந்தது. "என்னய்யா, சளியா? அங்க ரொம்பக் குளிருதா? அப்பாவை மெளகு ரசம் வைக்கச் சொல்லு," என்பாள் லூர்து. ஒரு ஞாயிறு அருள் எவ்வளவு முயன்றும் அது வரவேயில்லை. எந்தக் குரலுக்காக அத்தனை நாள் 'ம்' சொன்னாளோ அது முழுசாக அவளுடையதாகிவிட்டது. ஆஸ்பத்திரியில் கேட்டிருந்தால் கொண்டாடியிருப்பார்கள். நாங்கள் இருவரும் போனை நடுவில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம்.

7

மழைக்காலத்தில் லூர்துக்குச் சிறுநீரகம் கெட்டுவிட்டது. மதுரையில் பார்த்துவிட்டு, வீட்டுக்குக் கூட்டிப் போகச் சொல்லிவிட்டார்கள். நான் பாஸ்போர்ட்டுக்கு அலைந்தேன். கடைக்காரரும் கூட வந்து கெஞ்சினார். கோப்பு வேறு கட்டடத்துக்குப் போயிருக்கிறது என்றார்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை சாகுல் பாய் ஆட்டோ அனுப்பி அவளைப் பூத்துக்கு அழைத்து வந்து, நாற்காலியில் உட்கார வைத்துவிட்டு, எல்லாரையும் வெளியே போகச் சொல்லிக் கதவைச் சாத்தியிருந்தார்.

"அருளு இருக்கானா?"

அருள் என் பக்கத்தில் நின்று தொண்டையைக் கையால் பிடித்துக்கொண்டு முயன்றாள். காற்றுத்தான் வந்தது.

"வேலைக்குப் போயிருக்கான் லூர்து."

"ஞாயித்துக்கிழமையும் வேலையா?" அவளுக்கு மூச்சு வாங்கியது. "சரி, அவ இருக்காளா?"

"யாரு?"

"அவதான். குடுங்க. சண்டை போடல. சண்டை போடத் தெம்பில்ல."

நான் போனை அருளிடம் கொடுத்தேன். லூர்து பேசியது எனக்கும் கேட்டது.

"தங்கச்சி, உம்பேரு எனக்குத் தெரியாது. வேணாம், சொல்லாத. அன்னைக்குக் கேட்டப்பவே நெனச்சேன், கொரல்ல கெட்டவளாத் தெரியலைன்னு. எம்புள்ளைக்கு நான் கூட இருக்கக் குடுத்து வைக்கல. கோவம் வந்தாச் சாப்புடாமப் படுத்துருவான். எழுப்பி வச்சு ரெண்டு வாயி ஊட்டிட்டாத் திம்பான். ஊரு ஒலகம் சொல்றத மனசுல போட்டுக்குவான், வெளிய சொல்ல மாட்டான். நீ பாத்துக்குவியா?"

அருள் என்னைப் பார்த்தாள். 'அம்மா' என்று சொல்லிவிடுவாள் என்று நினைத்தேன். சொன்னால் அந்த நிமிடமும் சண்டையாகிவிடும். அவள் உதடு ஒருமுறை அந்தச் சொல்லுக்காக மூடியது. பிறகு, குரல் நடுங்காமல் சொன்னாள்.

"பாத்துக்கிறேன்க்கா."

"அந்த மனுசனையும்."

"அவுகளையும் பாத்துக்கிறேன்க்கா. நீங்க கவலப்படாதீக."

"என்னைய மாதிரியேல பேசுற," என்றாள் லூர்து. சிரித்தாள்போல இருந்தது. "நல்லா இரு தாயி."

லைன் போய்விட்டது. அருள் வெகுநேரம் போனை வைக்கவில்லை. நானும் வாங்கவில்லை. அந்த வாரம் முடியுமுன் லூர்து போய்விட்டாள். தன் மகளோடு அவள் கோபமில்லாமல் பேசியது அந்த ஒரு தடவைதான்.